வைரவன் புதைத்த ரீங்காரச்சிட்டு

வளைகுடாவில், அல் கூஸ் என்ற இடத்தில், கிடங்குகளுக்கு நடுவே சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறேன். இங்கே அதை பகாலா என்பார்கள். வைரவன் என் வாடிக்கைக்காரர். அவர் திருப்பத்தூர்ப் பக்கம், நான் தொண்டி. நெற்றியில் விபூதி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. முசஃபாவில் வெல்டராக இருந்தவர். முழங்கால் வீங்கி ஏணி ஏற முடியாமல் போனதும், கம்பெனி அவரை என் கடைக்குப் பின்தெருவில் இருக்கும் கிடங்குக்குத் துப்புரவு வேலைக்கு அனுப்பியது.

அந்தக் கிடங்குக்குள் கண்ணாடிக் கூடம் கட்டி, ஏசி போட்டு, செடி வைத்து, ரீங்காரச்சிட்டு வளர்க்கிறார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்து பார்ப்பார்கள். நம் ஊர்த் தேன்சிட்டு கிளையில் உட்கார்ந்துதான் குடிக்கும். இது அந்தரத்தில் நின்று குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். கட்டைவிரல் அளவு உடம்பு. கொஞ்ச நேரம் சர்க்கரைத் தண்ணீர் இல்லாவிட்டால் சோர்ந்துபோகுமாம்.

“இதோட சாதிசனம் ஒரு கடலையே ஒரே மூச்சுல தாண்டுமாம், பாய். ஸஹ்ரா மேடம் சொன்னாங்க. நம்மள மாதிரி ஏஜெண்டும் வேணாம், விசாவும் வேணாம்” என்று சிரிப்பார். ஸஹ்ரா மேடம் அங்கே பறவை டாக்டர்.

ரமலான் வந்தது. நோன்பு திறந்த பிறகுதான் கூட்டம் வரும் என்பதால் இரவு நெடுநேரம் விளக்கு எரித்தார்கள், காலையில் தாமதமாகப் போட்டார்கள். வைரவனின் டூட்டி மட்டும் பழைய நேரமே. அதனால் முதன்முறையாக இருட்டில் உள்ளே போனார். ஒரு சிட்டு கிளையைப் பற்றியபடி தலைகீழாகத் தொங்கியது. தொட்டார். குளிர்ந்து விறைத்திருந்தது.

செத்த பறவையைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவருக்கு மனம் வரவில்லை. விளக்கு எரிந்தால் மற்றச் சிட்டுகள் கண்ணில் அது படுமே என்று அவசர அவசரமாகப் பின்பக்க வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்ப் புதைத்து, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, திருவாசகத்தில் தெரிந்த நாலு வரியைச் சொல்லிவிட்டு வந்தார். மேடத்திடம், சட்டத்தை மறந்து குப்பையில் போட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டார்.

அதே கிடங்கில் வேலை பார்த்து, ரூமிலும் கூட இருக்கும் பாண்டித்துரையிடம் மட்டும் இதைச் சொல்ல, அவன் விடவில்லை. “அண்ணே, பதினாறாம் நாள் சாப்பாடு எப்ப? பிரியாணியா, சைவமா?”

“போடா, வாயக் கழுவு” என்றார் இவர்.

அடுத்த வாரம் ஒரு காலை, நான் கடைக்கதவைத் தூக்கும்போது நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். இன்னொரு சிட்டு அதேபோல் தொங்கியிருக்கிறது. புதைக்க எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மண்வெட்டியைத் தோட்டக்காரர் கொண்டுபோயிருந்ததால் கரண்டியால் தோண்ட நேரமாகியிருக்கிறது.

“இடது கையில வச்சிருந்தேன், பாய். விரலுக்குள்ள என்னமோ துடிச்சுச்சு. கைய விரிச்சா, முழிச்சு என்னயப் பாக்குது! உள்ள கொண்டுபோய் விட்டேன், பறந்து போயிருச்சு.”

“அல்ஹம்துலில்லாஹ். நல்ல சேதிதானே?”

“நல்ல சேதியா? அப்ப மொதல்ல பொதச்சது?”

ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன்.

“வேணும்னேவா செஞ்சீங்க? எண்ணம் நல்ல எண்ணம். படைச்சவன் அதைத்தான் பார்ப்பான்.”

“படைச்சவன் பாப்பான், பாய். மண்ணுக்குள்ள முழிச்ச அது என்னத்தப் பாத்துச்சோ.”

வெள்ளிக்கிழமை கூடத்து டூட்டி பாண்டித்துரையின் முறை. ஒன்று தொங்கினால் செத்ததென்று அவன் சட்டப்படி ஃப்ரீசரில் வைப்பான். அதைத் தடுக்க வேண்டுமானால் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், தான் சொன்ன பொய்யையும் சேர்த்து. சொன்னால் இந்த டூட்டி போகும். வெளி வேலை என்றால் இந்த முழங்காலோடு மூட்டை தூக்க வேண்டும்.

“நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டார்.

“சொல்லிருவேன்னு நோன்பு வாயோட சொல்ல ஆசை. ஆனா முழங்கால் உங்களோடது” என்றேன்.

எழுந்து கிடங்குப் பக்கம் போனார்.

சாயங்காலம் வந்தார். “மேடம் வையல, பாய். வைஞ்சிருந்தாத் தேவல. குளிர்லயும் இருட்டுலயும் தீனி இல்லாம உசுரப் பிடிச்சு வைக்க, அப்படி மரக்கட்டையா ஒறங்குமாம். சூடு பட்டா முழிக்குமாம். இத யாரும் ஒனக்குச் சொல்லலியான்னு அவங்களே தலையில கைய வச்சு உக்காந்துட்டாங்க.”

“அந்த முதல் சிட்டு?”

“கேட்டேன். செத்தும் இருக்கலாம், ஒறங்கியும் இருக்கலாம், இனிமே தெரியாதுன்னுட்டாங்க.”

மேடம் வையாவிட்டாலும், பொய் சொன்னதற்காகக் கம்பெனி அவரை வெளியே லாரிக்குச் சாமான் ஏற்றும் வேலைக்கு மாற்றியது. கூடத்து டூட்டி முழுவதும் பாண்டித்துரைக்குப் போனது.

நாலைந்து நாள் கழித்துக் காலையில் முழங்காலுக்குத் தைலம் வாங்க என் கடைக்கு வந்து நின்றார். போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டார். பாண்டித்துரை.

“அண்ணே, ஒண்ணு தொங்குதுண்ணே. ஜில்லுன்னு இருக்கு. இது நெசமாவே போயிருச்சுன்னு நெனைக்கிறேன்.”

“நீ ஒண்ணும் நெனைக்காத. கையில வச்சு மூடு. அமுக்காத. போன வச்சிராத.”

கல்லாவின் மேல் போனை வைத்தார். வந்த ஆட்களுக்கு நான் ரொட்டியும் தயிரும் எடுத்துக் கொடுத்தேன். அவர் போனைவிட்டு நகரவில்லை. நான் மனசுக்குள் ஓதிக்கொண்டே இருந்தேன். பறவைக்காகத்தானா, இவருக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. போனில் பாண்டித்துரையின் மூச்சு மட்டும் கேட்டது.

“என்னடா?”

“ஒண்ணும் இல்லண்ணே... இருங்க... அண்ணே, நடுங்குது! கண்ணத் தொறந்துருச்சு!” வண்டு முரல்வதுபோல் ஒரு சத்தம் எழுந்து தள்ளிப் போனது. “பறந்துருச்சுண்ணே!”

நான் சிரித்துவிட்டேன். வைரவன் சிரிக்கவில்லை. கடைச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“இம்புட்டு நேரம் ஆகுது, பாய்” என்றார். “பல்லு விளக்குற நேரங்கூட நான் பொறுக்கலையே.”

தைலத்தை எடுக்காமலே டூட்டிக்கு நடந்தார்.