குடைத்துணி சுற்றிய ஜாடி

அன்று காலையில் வாணவேடிக்கைக்காரர் ஒருவருக்கு வெடியுப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். கோயிலில் மணியடிக்கும் யோசேப்பு கடை வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, தேவதாசன் வாத்தியாரு போயிட்டாவ" என்றார். வாத்தியாருக்கு வேண்டிய உப்பைத் தனியே எடுத்து வைத்தோமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவர் போய் மூன்று மாதமாகிறது, கடையில் இருப்புக் கொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் அவரை அறிந்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர் அவர். வீட்டு முற்றம் முழுக்கக் கல் பாவியது. அங்கே கண்ணாடி ஜாடியில், வெறும் தண்ணீரில், சீமைத் தக்காளி வளர்த்தார். நெட்டித் தக்கை மூடியில் துளையிட்டுச் செடியை நிறுத்தி, என் கடை வெடியுப்பு, பேதியுப்பு, அன்னபேதி இன்னும் சில உப்புகளை அளந்து தண்ணீரில் கரைப்பார். வேரில் வெளிச்சம் படாமல் பழைய குடைத்துணியை ஜாடியில் சுற்றியிருப்பார். தினமும் பப்பாளிக் காம்பால் தண்ணீருக்குள் காற்று ஊதுவார்.

"எனக்கு மூச்சு முட்டுனா ஊதமாட்டாவ" என்பார் அவர் மனைவி.

உட்காரத் தெரியாத மனிதர். கடைக்கு நாளுக்கு மூன்று தடவை வந்தாலும் நின்றபடியேதான் பேச்சு. "மண்ணு செடிக்குச் சோறு இல்ல வே, சோத்துப்பானை. பானை இல்லாட்டி எலையில திங்கமாட்டோமா?"

ஒரு வருஷம் ஜாடிச் செடியில் ஒன்பது காய் பிடித்தது. "கோயில் அறுப்புப் பண்டிகைக்கு மண்ணு தொடாத பழத்தைப் பீடத்துல வைக்கேன், பாரும்" என்று ஊரெல்லாம் சொன்னார். பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கையில் தங்கைக்குச் சுகமில்லை என்று நாங்குநேரி போக வேண்டியதாயிற்று. ஜாடியை என்னிடம் கொடுத்து, "துணிய மட்டும் அவுத்துராதேயும் வே" என்றார்.

நான் வியாபாரி. "உள்ள மண்ணு இருக்கும், வாத்தியாரு நம்ம காதுல பூ சுத்துதாரு" என்று ஒருவன் சொன்னதும் துணியை அவிழ்த்துவிட்டேன். வெள்ளைத் தாடி மாதிரி வேர் தொங்கியது. பார்க்கக் கூட்டம் வந்தது. வந்தவர்கள் சரக்கும் வாங்கினார்கள். ஜாடியைக் கடை முகப்பில் வெயிலிலேயே விட்டேன். ஒரு வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. பயந்துபோய் அதைக் கொட்டி, பாசியைக் கழுவி, ஆற்றுத் தண்ணீர் ஊற்றி, உப்புகளைக் கை நிறைய அள்ளிப்போட்டுத் துணியைச் சுற்றினேன். மறுநாளே இலை கருகியது. ஒன்பது காயும் உதிர்ந்தன.

நாங்குநேரியிலிருந்து வந்தவர் உதிர்ந்த காய்களைக் குனிந்து பொறுக்கினார். "துணிய அவுக்கலியே வே?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல வாத்தியாரே" என்றேன்.

பண்டிகையன்று வெறுங்கையோடு வந்தார். "பழம் தண்ணியில கரைஞ்சிட்டோ வாத்தியாரே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். "எம் அளவுலதான் பிழை. செடி மேல குத்தம் இல்ல" என்றார் அவர். நான் காணிக்கையாக வந்த பூசணிக்காயின் ஏலத்தில் உரக்கக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டு வருஷம், பிழையில்லாத அந்த அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார். "இன்னும் ஒரு குன்றிமணி கொறைச்சு நிறும் வே" என்று என் தராசுக்கு முன்னால்தான் நிற்பார். நிறுத்துக் கொடுத்தேன், வாய் திறக்கவில்லை. ஒரு செடியும் தேறவில்லை. அதற்குள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று.

அடக்கம் முடிந்த வாரத்தில் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் உள்ளே போய், ஜாடியையும் அவருடைய முதல் அளவு எழுதிய தாளையும் கொண்டுவந்து வைத்தார். அந்த அளவில் ஒரு குன்றிமணியும் மாற்றாமல் செடி வைத்தேன். இன்று ஏழு காய் நிற்கிறது. பண்டிகையன்று பீடத்தில் வைப்பேன். அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாருங்கள், யாரைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும் என்று நானே சொல்கிறேன்.

ஜாடியும் பப்பாளிக் காம்பும் என்னிடம் இருக்கின்றன. விடிந்ததும் ஊதுகிறேன். வேரைக் காட்டச் சொல்லித் தினமும் யாராவது கேட்கிறார்கள். துணியை அவிழ்ப்பதில்லை.