எல்லார் பாட்டனுக்கும் குதிரை

எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சாதிக்கொரு நிறமாக மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று ஆசிரியர்களான எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். காலையில் கத்தரிக்கோலோடு வாசலில் நின்று அந்தக் கயிறுகளை வெட்டுகிற உத்தமர்கள் நாங்கள்தான். பாளையங்கோட்டைக்குச் சாதியைக் கொண்டுவந்ததே பையன்கள்தான் என்பது எங்கள் ஆசிரியர் அறையின் நம்பிக்கை.

சென்னையிலிருந்து வந்த பயிற்சிக்காரப் பெண் எங்களை வட்டமாக உட்காரவைத்தார். நூல் உருண்டை யார் கைக்கு வருகிறதோ அவர் தன் முன்னோரைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே கதையாகும் என்றார். அவர் எடுத்தது மஞ்சள் உருண்டை. தலைமையாசிரியர் பதறிவிட்டார்.

"அந்தக் கலர் வேண்டாம்மா. பச்சையும் வேண்டாம், செவப்பும் வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் ஆளு இருக்காவ."

கடைசியில் தையல் டீச்சரிடம் வெள்ளை நூல் வாங்கி ஆரம்பித்தோம்.

கணக்கு சாரின் பாட்டனாருக்கு வள்ளியூரில் பாதி ஊர் சொந்தமாம். தமிழ் டீச்சரின் பாட்டனார் சர்ச்சுக்கு நிலம் எழுதிவைத்தவர். ஆராதனைக்குக் குதிரையில்தான் போவாராம். அடுத்தவர் பாட்டனுக்கும் குதிரை. அதற்கடுத்தவருக்கு இரண்டு. கூச்சமே இல்லாமல் அவிழ்த்துவிட்டார்கள். ஒருவருடைய தாத்தாவும் சேற்றில் கால் வைத்ததில்லை, ஒருவரும் யாரையும் அடித்ததில்லை.

என் பக்கத்தில் இருந்தவர் அறிவியல் டீச்சர். பதினொரு வருடமாக மத்தியானம் என்னோடுதான் சாப்பாடு. என் கருவாட்டுக் குழம்பில் பாதி அவருக்குத்தான். சாப்பாட்டுக்கு நடுவே, "தச்சநல்லூர்ல எங்கன டீச்சர் வீடு? எந்தத் தெரு?" என்று தூண்டில் போடுவார். இங்கே தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. "பஸ் ஸ்டாப்புல இருந்து பைய நடந்தா வந்துரும்" என்று நழுவிவிடுவேன். சொன்னால் இந்தச் சாப்பாட்டுத் துணை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்துக்காக என்மேலேயே எனக்கு இளக்காரம்.

உருண்டை என் கைக்கு வந்தது.

"இத்தனை குதிரைக்கும் புல்லறுத்துப் போட்டது எங்க தாத்தாதான். செருப்பக் கையில எடுத்துக்கிட்டுத்தான் உங்க தெருவுக்குள்ள வரணும் அவரு."

பயிற்சிக்காரப் பெண் "சூப்பர்!" என்று கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. உருண்டையை அறிவியல் டீச்சரிடம் நீட்டினேன். அவர் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போலக் குழம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னைக்கு வயிறு சரியில்ல டீச்சர், நீங்க சாப்பிடுங்க."

எழுந்து எதிர் மேசைக்குப் போனார். அங்கே தமிழ் டீச்சரிடம் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டது அந்தச் சரியில்லாத வயிறு.

பதினொரு வருடமாக அவர் கேட்ட தெருவின் பெயரை அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பிறகு குழம்பு முழுவதையும் என் சோற்றில் ஊற்றிக்கொண்டேன்.