காதோரப் பென்சில்

“இது ராகுகாலத்துக்கு. இது எமகண்டத்துக்கு. இது என்னண்ணே, பல்லி விழுந்தா பலன் சொல்றதா? இம்புட்டும் ராப்பகலா ஓடுனா பேட்டரி எப்பிடி நிக்கும்?”

“நிக்கலைன்னுதானப்பா ஒங்கிட்ட வந்தேன்” என்கிறார் ஆட்டு வியாபாரி பழனிச்சாமி. உதயசூரியன் ஒவ்வொன்றாக அழுத்தி அழிக்கிறார். “பல்லிய மட்டும் விட்டுரு.”

“பல்லி செவுத்துல இருக்கட்டும்ணே. போனுக்குள்ள எதுக்கு?”

குளத்தூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அவருடைய செல்போன் பழுதுபார்க்கும் கடை. வயது ஐம்பத்தேழு. இயக்கத்தில் ஊறிய அப்பா வைத்த பெயர். தேர்தல் தேதி அறிவித்த அன்றே அந்தப் பெயர் எழுதிய கடைப்பலகையைப் பழைய வேட்டியால் தானே மூடிவிடுவார். கேட்டால், “நான் எந்த வார்டுலயும் நிக்கலைங்க, வம்பு எதுக்கு?” என்பார்.

கடையின் கண்ணாடியில் வாரம் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்படும். ஒரு புத்தகம், ஒரு படம், ஒரு செயலி. ஒவ்வொன்றுக்கும் பென்சிலில் ஒரே வரி. பேருந்து நேரம் சொல்லும் செயலிக்கு, “இதில் பஸ் வருகிறது. ரோட்டில் வரவில்லை.” ஒரு படத்துக்கு, “இடைவேளைக்கு மேல் தூங்கலாம்.” ஒரு நாவலுக்கு, “இருநூறு பக்கமும் மழை. துண்டு வைத்துக்கொள்ளவும்.”

முகத்தை வெளுத்துக் காட்டும் செயலியை மட்டும் யாருக்கும் ஏற்றித் தர மாட்டார். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் இன்னாசியம்மாள் கெஞ்சிப் பார்த்தார்.

“எனக்கில்லப்பா. மகளுக்கு வரன் பாக்குறோம், போட்டோ அனுப்பணும்.”

“அப்பன்னா கண்டிப்பாக் கெடையாதுக்கா. வெளுத்த படத்தப் பாத்து வாரவன், புள்ளைய நேர்ல பாத்ததும் எந்திரிச்சுப் போவான். அவனுக்குப் பஜ்ஜி வேற சுடணும்.”

அந்தப் பென்சில் எப்போதும் வலது காதில் இருக்கும். யார் கேட்டாலும் பேனாதான் நீட்டுவார். பென்சில் கைமாறாது. ஒன்று தேய்ந்தால் அதே காதில் அடுத்தது ஏறும். அது வாடகை நூலகக் காலத்துப் பழக்கம்.

தொண்ணூறுகளில் சைக்கிளின் பின்னால் இரண்டு தகரப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு குன்றாண்டார்கோவில் வரை போய் வருவார். மணிச் சத்தம் கேட்டால் அடுப்பைத் தணித்துவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அவருடைய பென்சில் வரி இருக்கும். அதன் கீழே, பெயர் போடாமல், நீல மையில் பதில்கள் முளைக்கும். “கதாநாயகன் தங்கமானவன்” என்று இவர் எழுதியதன் கீழ் ஒருத்தி எழுதினாள்: “அப்படியானால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்.” அதைச் சொல்லும்போது இன்றைக்கும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள், அந்தக் கால் பக்கத்தில் வாய் நிறையப் பேசினார்கள்.

அவருக்கு ஒரே விதிதான். கடைசிப் பக்கம் வரை படிக்காமல் கருத்துச் சொல்லக் கூடாது. அந்த விதியை அவர் ஒரு முறை மீறினார். அந்த மீறல் கடையின் பின்புற அலமாரியில், பழைய புத்தகங்களுக்கு நடுவே, இருபத்தெட்டு ஆண்டுகளாக இருந்தது.

போன மாதம் அறந்தாங்கியிலிருந்து ஒரு பெண் வந்தார். தையல் கடை வைத்திருக்கிறாராம். உடைந்த போனைக் கொடுத்துவிட்டு, “என்னயத் தெரியுதாண்ணே? குன்றாண்டார்கோவில் ரெங்கசாமி மக, சிவரஞ்சனி” என்றார்.

உதயசூரியன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

அப்போது அவள் பிளஸ் டூ. வீட்டைவிட்டு வெளியேறும் ஒரு பெண்ணின் கதையை வாங்கிப் போயிருந்தாள். நாற்பதாவது பக்கத்தில் அப்பா பிடித்துவிட்டார். புத்தகத்தை சைக்கிள்மேல் எறிந்து தெருவே கேட்கக் கத்தினார். அந்தத் தெருவில் எந்தப் பையன் என்ன படிக்கிறான் என்று ஒருவரும் புரட்டிப் பார்த்ததில்லை; பெண் கையில் புத்தகம் என்றால் எல்லோருக்கும் கண் தெரிந்தது. தெரு முழுவதும் கதவடைத்துவிடுமோ என்று பயந்த உதயசூரியன், ரெங்கசாமி கண்முன்பே கடைசிப் பக்கத்தில் எழுதினார்: “பெண் பிள்ளைகளுக்கு வேண்டாம்.” அந்தப் புத்தகத்தை அவர் அதுவரை பிரித்ததுகூட இல்லை. அடுத்த தை மாதம், பதினேழு வயதில், அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

“கதையில அந்தப் பொண்ணு பொட்டியோட பஸ் ஸ்டாண்டுல நிப்பாண்ணே. அதோட என் கையிலேருந்து பிடுங்கிட்டாக. ஏறுனாளா, திரும்பி வீட்டுக்கே போயிட்டாளா?”

“தெரியல, தங்கச்சி.”

“நீங்களுமா படிக்கல?”

“அன்னைக்கும் படிக்கல. அதுக்கப்புறமும் படிக்கல. தொட்டா நான் எழுதுனது கண்ணுல படும்.”

“நல்ல ஆளுண்ணே நீங்க. ஊருக்கெல்லாம் சொல்லுவீக, கடைசி வரைக்கும் படின்னு” என்றார் சிவரஞ்சனி.

உதயசூரியன் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார். தூசியைச் சட்டையிலேயே துடைத்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பென்சில் எழுத்து மங்கவே இல்லை. அதன் கீழே ஒரு பதிலும் இல்லை. அந்தப் புத்தகம் அதன் பிறகு யார் வீட்டுக்கும் போகவில்லை. அழிரப்பரைத் தேடி மேசை இழுப்பறை வரை போன கை திரும்பி வந்தது. காதிலிருந்த பென்சிலை எடுத்து, நாற்பதாவது பக்கத்தில் வைத்து, மூடி நீட்டினார்.

“முடிச்சுட்டு நீ எழுது. கீழ எடம் இருக்கு.”

சரிசெய்த போனோடு அதையும் பையில் போட்டுக்கொண்டு சிவரஞ்சனி பேருந்து ஏறினார். இன்னும் திரும்பி வரவில்லை.

கண்ணாடியில் நாலு வாரமாக வெற்றுத் தாள். “என்னப்பா, இந்த வாரம் படம் எதும் தேறலையா?” என்கிறார் பழனிச்சாமி. அவருடைய போனில் பல்லி மறுபடியும் குடியேறியிருக்கிறது. உதயசூரியன் பதில் சொல்ல வாயெடுக்கிறார். வலது கை தானாகக் காதுக்குப் போகிறது, வெறும் காதைத் தடவிவிட்டு இறங்குகிறது.