தைலமும் வெறுந்தண்ணீரும்

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் பெங்களூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். வைக்கோல் ஊறிய தண்ணீரில் வளரும் ஒற்றைச் செல் உயிர்கள் சந்தன எண்ணெய், கிராம்பு எண்ணெய் பக்கம் வருகின்றனவா, விலகுகின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும். நாளெல்லாம் பார்த்தால் தலை வெடித்துவிடும். நீலகிரித் தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டு மறுபடி குனிவேன்.

எல்லா எண்ணெயிலிருந்தும் அவை ஓடின. அது சரி. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வெறும் தண்ணீர்த் துளியிலிருந்தும் ஓடின. கண்ணாடித் தகட்டை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன். பயனில்லை.

பக்கத்து மேசை ஸ்டெல்லா ஒருநாள், துளி வைக்கும் கண்ணாடிக் குச்சியை என்னிடம் வாங்கி முகர்ந்தாள்.

"என்ன சார், இதுல தைல வாசம் அடிக்குது? உங்க கைதான் சார். நீங்க ரூமுக்குள்ள வந்தாலே அடிக்கும்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

"உங்களுக்குப் பழகிப்போச்சு சார்."

சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவி, புதுக் குச்சியால் தண்ணீர் வைத்தேன். அவை நிம்மதியாக அதற்குள் நீந்தின. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. இத்தனை மாத வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

தலைவலியோடுதான் ஜோகுபாளையம் வீட்டுக்குப் போனேன். நான் தூக்கப் போனாலே திமிறி ஓடும் என் மூன்று வயது மகள், அப்பாவைப் பிடிக்காத குழந்தை என்று நானே முடிவு கட்டியிருந்தவள், அன்று தானாக வந்து மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

தைலப் புட்டி சட்டைப் பையில் இருந்தது. தலை விண்விண்ணென்று தெறித்தது. நான் அதைத் திறக்கவில்லை.