கேவலார் போகும் வேனில் ஒரு மன்னிப்பு வியாபாரி

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை, காலை ஏழு மணி. ஜெர்மனியின் ஆஹென் ரயில் நிலையத்துக்கு எதிரே வேன் வந்து நின்றது. கேவலார் மாதா கோயிலில் வருடம் ஒருமுறை தமிழர் கூடும் திருநாள். நூறு கிலோமீட்டருக்குக் கிட்ட. நான் நாகர்கோவில்காரன். எனக்கு நேர்ச்சை ஒன்றும் இல்லை. வேண்டியது ஒரு அறை. மாதக் கடைசியில் மாணவர் விடுதியைக் காலி செய்ய வேண்டும். மன்னாரைச் சேர்ந்த ரீட்டா அக்கா வீட்டு மாடி அறை சும்மா கிடந்தது. “எங்களோடை ஒருக்கா வாங்கோ தம்பி. ஆள் எப்பிடியெண்டு பாத்துப்போட்டுச் சொல்லுறன்” என்றிருந்தார்.

வேனை ஓட்டியவர் அன்ரன். பக்கத்தில் அக்காவின் கணவர் சூசை அண்ணை. பின்னால் அக்காவும் நானும். ஜெபமாலை முடிந்ததும் அன்ரன் கேட்டார்: “தம்பி என்ன படிக்கிறியள்?”

“மிடில் ஏஜஸ் இங்கிலீஷ் போயட்ரி. கதைப்பாட்டுலயே ஊர்ல உள்ள ஆளுங்களையெல்லாம் நக்கல் பண்ணுவாங்க.”

“அப்ப ரெண்டு நக்கலை எடுத்து விடுங்கோவன்.”

வாய் சும்மா இருக்குமா? தராசில் கைவைக்கும் மாவு மில்காரன், மருந்துக்கடைக்காரனோடு பங்கு போடும் வைத்தியன், கறி மணக்கும் வீட்டில் மட்டும் ஜெபம் சொல்லும் துறவி என்று ஒவ்வொருவராக இறக்கினேன். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அறை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன். அந்தத் தெம்பில் மன்னிப்பு வியாபாரியை எடுத்தேன்.

“பாவமன்னிப்புன்னு பேப்பர் விப்பான். எல்லாம் டூப்பு. ஜனங்க பயத்துல வாங்கும். பேப்பர்ல கதை எழுதியே தொந்தி வளர்த்தவன்!”

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேவலார் வரும்வரை ரேடியோகூடப் போடவில்லை.

கோயில் வாசலில் இறைச்சி ரோல்ஸ் வாங்கும் வரிசையில் அன்ரன் என்னை ஓரமாக இழுத்தார். “சூசை அண்ணை அந்தக் காலத்திலை சனத்துக்கு அகதி அந்தஸ்து கிடைக்கக் கதை கட்டிக் கேஸ் எழுதிக் குடுத்தவர். காசுக்கு. உமக்குத் தெரியாதோ?”

நுணலும் தன் வாயால் கெடும். இரண்டு யூரோ ரோல்ஸை அப்படியே பையில் வைத்துக்கொண்டேன். பூசையில் மாதாவிடம் அறையைத்தான் கேட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

திரும்பும் வழியில் அன்ரன் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தார். “தம்பி, என்ர கேஸும் அண்ணைதான் எழுதினவர். பகிடியைக் கேளும். ஆமி என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போய், மூண்டாம் நாள் பிரேதத்தைக் கிணத்தடியிலை போட்டிட்டுப் போனதாம். கேஸ் விசாரிச்ச ஒஃபிஸ் அம்மா வாசிச்சுப்போட்டு அழுதவ. எனக்கெங்காலை தம்பி? நாலும் அக்காமார்!”

அவர் மட்டும் சிரித்தார்.

“அது என்ர தம்பியடா” என்றார் சூசை அண்ணை.

அன்ரன் வேகத்தைக் குறைத்தார். இத்தனை வருடமாக அவருக்கே தெரியாத சங்கதி அது. நான் படித்த படிப்பின் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஆளைப் பார்த்ததும் இன்ன ரகம் என்று சொல்லிவிடத்தானே அது என்னைப் பழக்கியிருக்கிறது.

ஆஹெனில் இறங்கும்போது “மன்னிச்சிடுங்க அண்ணே” என்றேன். சூசை அண்ணை திரும்பவில்லை. அறையைப் பற்றிக் கேட்காமலே நடந்தேன். அக்காதான் வேன் கண்ணாடியை இறக்கினார்.

“முதலாந் தேதி வாங்கோ தம்பி, அறை தாறன். இவர் உங்களோடை கதைப்பாரெண்டு மட்டும் எனக்குச் சொல்ல ஏலாது.”