வாசலில் உறைந்த மஞ்சள் தண்ணீர்

என் அம்மா யோகராணி குளிருக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. ஊத்தைக்குத்தான் பயம். வெளியே மைனஸ் முப்பதில் ஊரே விறைத்துக் கிடந்தாலும், சப்பாத்துடன் ஒருவன் வாசல் மிதியடியைத் தாண்டி ஒரு அடி உள்ளே வைத்தால் அதுதான் அவருக்குப் பேரிடர். அப்பா அவரை ஸ்பொன்சர் செய்து மொன்றியலுக்குக் கூப்பிட்டது ஒரு பெப்ரவரியில். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டுடன் விமான நிலையத்தில் போய் நின்றாராம். அம்மா அதைக் கையில் வாங்காமல், "தோய்ச்சதோ?" என்று கேட்டாராம். கலியாணம் முடிந்த கையோடு பிரிந்த புருஷனிடம் கனடாவில் பேசிய முதல் வசனம் அது. அப்பாவும் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். அம்மா சேலையோடேயே கார் வரைக்கும் நடந்தார்.

இப்போது கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிறார். அங்குள்ள வாண்டுகள் அம்மாவைக் கண்டால் கேட்காமலே இரண்டு கையையும் விரித்துக் காட்டுமாம், கழுவியாயிற்று என்று. என்னையும் அப்படித்தான் வளர்த்தார். நான் வளர்ந்த விதத்துக்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

செயின்ட்-மிஷேலில் இரண்டு தட்டு வீடொன்றின் மேல்தட்டில் இருக்கிறோம். தெருவிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படி, ஒரு சின்னப் பல்கனி, அதில் எங்கள் வாசல். பின்பக்கமும் ஒரு கதவு உண்டு. அதன் படிக்கட்டில் நடுத்துண்டு உடைந்து விழுந்ததால் வீட்டுக்காரர் பலகை அடித்து மூடிவிட்டார். ஆகவே போக ஒரு வழி, வர அதே வழி.

பொங்கலுக்கு முந்திய வாரம் வந்த குளிர் திரும்பிப் போகவில்லை. அந்தத் திகதிக்கு இவ்வளவு குளிர் இதற்கு முன் பதிவானதில்லை என்று ரேடியோக்காரர் காலையில் சொல்வார். ஏதோ தான் ஓடி வென்றது போல ஒரு சந்தோசம் அந்தக் குரலில். அடுத்த நாள் அதையும் இன்னொரு குளிர் முறியடிக்கும். தண்ணீர்க் குழாய் வெடித்து கார்டெரி மூடப்பட்டது. விட்ட படிப்பை முடிக்க நான் போகிற பெரியவர்கள் பள்ளியும் மூடப்பட்டது; அதற்காக நான் அழவில்லை. ஜன்னல்களில் உள்பக்கமே பனி தடித்துவிட்டது. கரண்டியால் சுரண்டி நான் ஒரு ஓட்டை வைத்திருந்தேன். தெரு தெரிவது அதனூடாகத்தான். தெருவிலும் ஒன்றும் இல்லை, புகைவிடும் கூரைகளைத் தவிர. மூன்று பேரும் அறைக்கு அறை நடந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்து, மறுபடியும் நடந்தோம்.

அப்பாதான் அதிகம் நடக்கவில்லை. அவர் பெயர் சிவானந்தம். உணவகங்களில் கோப்பை கழுவியே என்னை வளர்த்தவர். பிறகு சிறுநீரகம் இரண்டும் வேலைக்கு வரமாட்டோம் என்று நின்றுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மருத்துவமனைக்குப் போய் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தப்படுத்த வேண்டும். மினிபஸ் வந்து ஏற்றிப் போகும். சுத்தம் என்றால் உயிரை விடுகிற அம்மாவுக்கு இரத்தத்தையே கழுவுகிற மெசின் மீது ஒரு தனி மரியாதை. ஒருநாளும் தவறவிட்டதில்லை.

பொங்கல் வாரத்துத் திங்கட்கிழமை பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. தவறியது. நர்ஸ் போனில் என்னிடம் நிதானமாகச் சொன்னார்: புதன்கிழமை எப்படியாவது வந்துவிட வேண்டும், இன்னொரு தரம் தவறினால் நெஞ்சுக்குள் நீர் கட்டும், இதயமே நின்றுபோகலாம். செவ்வாய் பின்னேரம் அம்மா அப்பாவின் கணுக்காலில் பெருவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"ரொட்டிமாப் பதம்," என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை.

புதன்கிழமைதான் தைப்பொங்கல். விடியவே எழும்பி, குளித்து, அடுப்பில் பித்தளைப் பானையை ஏற்றிவிட்டு, அம்மா கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து வாளியில் ஊற்றி மஞ்சள் கரைத்தார்.

"அம்மா, வெளியாலை ஊத்தப் போறியளோ?"

"பொங்கலண்டைக்கு வாசல் கழுவாமல் விடுறதோ?"

"வெளியிலை மைனஸ் முப்பது!"

"சுடுதண்ணியெடா. நீதானே ஞாயிற்றுக்கிழமை பல்கனியிலை நிண்டு எறிஞ்சு காட்டினனீ? புகையாப் போச்சுதே, ஒரு சொட்டுக் கீழை விழுந்ததே?"

நான் கொதிநீரை மேலே வீசி அது முகிலாகிப் பறப்பதை வீடியோ எடுத்தது உண்மை. மேலே வீசுவது வேறு, வாசற்படியில் ஊற்றுவது வேறு என்று விளக்குவதற்குள் அம்மா கதவைத் திறந்து ஊற்றிவிட்டு, "உஸ்ஸ்" என்று ஓடிவந்து சாத்திவிட்டார். முகத்தில் ஒரு திருப்தி. வாசல் கழுவியாயிற்று.

அரிசி கொதித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவைக் கோட்டுக்குள்ளும் தொப்பிக்குள்ளும் திணித்து, வீங்கிய காலைச் சப்பாத்துக்குள் இறக்கி, பஸ்ஸுக்கு ஆயத்தமாகக் கொண்டுவந்து நிறுத்தினோம். நான் கதவை இழுத்தேன். வரவில்லை. காலைக் கதவு நிலையில் ஊன்றி இழுத்தேன். கைப்பிடிதான் கழன்று வரப் பார்த்தது. தண்ணீர் கதவின் கீழ் ரப்பருக்குள் ஓடி, அலுமினியப் படியோடு சேர்த்துக் கதவை ஒட்டி வைத்திருந்தது. வெல்டிங் வேலைகூட இவ்வளவு துப்புரவாக இருக்காது.

"என்னடா விளையாடுறாய்?" என்றார் அம்மா. நான் எந்தக் கதவோடு நின்றாலும் அம்மாவுக்கு முதலில் வருகிற சந்தேகம் அதுதான்.

"இல்லையம்மா. நீங்கள் எங்களை உள்ளை வைச்சு ஒட்டிப் போட்டியள்."

அம்மா தானும் இழுத்துப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா கதிரையில் கோட்டோடு இருந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அம்மாவின் முகம் மாறியது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் வேண்டாம்.

கீழ்வீட்டு ஜெராட் அண்ணைக்குப் போன் எடுத்தேன். மட்டக்களப்பார், சேர்ச்சுக்குப் போகிறவர், தனியாக ஒரு கிழட்டுப் பூனையோடு இருக்கிறார். படியேறி வந்தவர் கடிதம் போடுகிற ஓட்டையைத் தூக்கி உள்ளே பார்த்தார். மூக்கு மட்டும் தெரிந்தது.

"யோகராணி அக்கா, என்ன இது? படியெல்லாம் மஞ்சளாக் கிடக்கு. ஆர் செஞ்ச வேலை, நிதுசனா?"

"இல்லை அண்ணை, இந்த முறை நானில்லை!" என்றேன். இப்படிச் சொல்லக் கிடைப்பது எனக்கு அரிது.

"ஒரு மயிர் உலத்திற மெசின் கிடக்கா? அதால சூடு காட்டு மனே. நான் வெளியால கொத்துறன்."

ஹீற்றர்கள் எல்லாம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மெசினைச் செருகிப் பொத்தானை அழுத்தியதும் வீட்டின் முன்பாதி அப்படியே செத்தது. ஃபியூஸ் போய்விட்டது, வேறு ஃபியூஸ் இல்லை. சமையலறை அடுப்பு மட்டும் தனி லைனில் எரிந்தது. விறாந்தையில் குளிர் காலடியால் ஊரத் தொடங்கியது.

"தீயணைப்புக்கு அடிப்பமோ?" என்றேன்.

"அடிச்சால் கதவை உடைப்பாங்கள்," என்றார் அப்பா மூச்சை நிறுத்தி நிறுத்தி. "உடைச்சால்... பின்னேரம் நான் திரும்பி வர வீடு இராது, ஐஸ்பெட்டிதான் இருக்கும்."

"நீங்கள் கதையாதேங்கோ. மூச்சைச் சேமிச்சு வையுங்கோ," என்றார் அம்மா.

இருந்தாலும் போன் அடித்தேன். குழாய் வெடித்தவர்கள், கார் மோதியவர்கள் என்று வரிசை; காத்திருங்கள் என்றது ஒரு பெண்குரல். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் ஓட்டையால் பார்த்தேன். மினிபஸ் வந்து நின்றது.

அதை ஓட்டுகிறவர் பெயர் யோசெப்பின், ஹெயிட்டிக்காரி. அம்மாவுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. ஆனாலும் கிழமைக்கு ஒரு தரம் அம்மா வடை கொடுப்பார், அவர் கையைக் காட்டி "கழுவியாச்சு" என்று சைகை செய்துவிட்டுத்தான் எடுப்பார். அந்த அளவுக்குச் சிநேகிதம். பஸ்ஸுக்குள் ஏற்கெனவே இன்னொரு நோயாளி இருந்தார். ஹோர்ன் அடித்தது.

"மதாம் யோகா!" என்று கீழேயிருந்து கத்தினார். பிறகு பிரெஞ்சில் எனக்கு: கொஞ்ச நேரம்தான் நிற்க முடியும், உள்ளே இருப்பவருக்கும் மெசின் காத்திருக்கிறது, சீக்கிரம்.

நான் அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சமையலறைக்குள் போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். பானையுடன் திரும்பி வந்தார்.

பொங்கல் பானை என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் வளர்ந்தால்தான் தெரியும். படைக்க முதல் அதை மணந்து பார்த்தாலே குற்றம். மிதியடியில் கிடக்கும் சப்பாத்துகளைத் தாண்டி ஒரு கரண்டிகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. அம்மா தன் காலாலேயே அந்தச் சப்பாத்துகளைத் தள்ளினார். தெரு உப்பும் கரைந்த பனியும் ஊறிக் கிடந்த மிதியடியில், கதவடி அலுமினியத்தோடு ஒட்ட, கொதித்துக்கொண்டிருந்த பானையை வைத்தார்.

"அம்மா, படைக்கேல்லையே!"

"சூரியன் எங்கையும் ஓடாது. உந்தக் கைப்பிடியைப் பிடி."

தண்ணீரைக் கொதிக்கவைக்க நேரம் இல்லை. கொதித்தபடி தயாராக இருந்தது அது ஒன்றுதான். பால்சோறு சூட்டை லேசில் விடாது. பானையை அம்மா சேலைத் தலைப்பால் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினார், உடுப்பு அழுத்துகிற மாதிரி. படியிலிருந்து ஆவி எழும்பியது. முந்திரிகை வற்றல் மணமும் சப்பாத்து மணமும் ஒன்றாக வந்தன. வெளியே ஜெராட் அண்ணை ஸ்குரூ டிரைவரால் கொத்திக்கொண்டிருந்தார். எங்கேயோ ரப்பர் கிர்ரென்று முனகியது.

"விடுகுது! அக்கா, நான் தோளால ஒண்டு குடுக்கிறன்!"

"குடாதையுங்கோ! பானை! பானை கிடக்கு!"

"என்ன பானை?"

"பொங்கல் பானை!"

"வாசல்லயா பொங்குறீங்க?" கடித ஓட்டையால் மூக்கு மறுபடி வந்தது. "அம்மாடி! மணக்குது!"

"மணக்காதையுங்கோ, இன்னும் படைக்கேல்லை!"

அம்மா பானையை இழுத்து எடுத்தார். தலைப்பு நழுவியது, வெறுங்கை பட்டது. "இப்ப குடுங்கோ!" என்றார். நான் இழுக்க, ஜெராட் அண்ணை மோத, கதவு ரப்பரில் பாதியைப் படியிலேயே விட்டுவிட்டுத் திறந்தது. அண்ணை என் மேல் விழுந்தார், சப்பாத்தோடு. இந்த ஒரு தரம் அம்மா சப்பாத்தைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் சூரியன் எழுந்து வாசலால் பானையில் பட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. வந்தது குளிர் மட்டும்தான், முகத்தில் அறைந்த மாதிரி.

பல்கனியும் மேல்படிகளும் மஞ்சள் கண்ணாடி. இந்தக் குளிரில் உப்புப் போட்டாலும் கரையாது. ஜெராட் அண்ணை ஓடிப்போய்ப் பூனை மலம் கழிக்கப் போடுகிற மணலை மூட்டையோடு தூக்கிவந்து கொட்டினார். நான் முன்னால் பின்பக்கமாக இறங்க, அண்ணை பின்னால் பிடிக்க, அப்பா ஒவ்வொரு படியிலும் நின்று மூச்செடுத்து இறங்கினார். யோசெப்பின் பாதிப் படிக்கு ஏறிவந்து அவருடைய மற்றக் கையைப் பிடித்தார். விதிப்படி நிற்க வேண்டிய நேரத்தைவிட எவ்வளவோ கூட நின்றுவிட்டார் என்பது அவர் நேரத்தைப் பார்க்காமல் இருந்ததிலேயே தெரிந்தது.

பஸ் திரும்பும் வரை அம்மா வாசலில் நின்றார், கோட்டு இல்லாமல். பிறகு உள்ளே வந்து, சமையலறை ஜன்னலில் நான் சுரண்டிக் கொடுத்த ஓட்டைக்கு முன்னால் படைத்தார். பானையின் அடியைக் கழுவவில்லை. சூரியனிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கையில் கொப்புளம் வந்திருந்தது. எதையோ பூச வேண்டும் என்று தேடி, குழாயைப் பிதுக்கி, அவர் திட்டத் திட்டப் பூசிவிட்டேன்.

"பற்பசையைப் பூசுறியோடா?"

"இல்லையம்மா, உண்மையான மருந்துதான். வாசிச்சுப் பாருங்கோ."

பின்னேரம் அப்பா திரும்பி வந்தார். கணுக்காலில் எலும்பு மறுபடியும் தெரிந்தது. "வலது காலை எடுத்து வைச்சு வாங்கோ," என்றார் அம்மா, புது மாப்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. அப்பாவுக்குச் சர்க்கரையும் பருப்பும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் ஒரே ஒரு கரண்டி பொங்கல். அதைச் சாப்பிட்டுவிட்டு, வாசல் மிதியடியைப் பார்த்து, "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார். அம்மா அப்போதுதான் சிரித்தார்.

குளிர் விடவில்லை. அந்த மஞ்சள் பனிக்கட்டி வாசலில் அப்படியே கிடந்தது. வீட்டுக்காரர் போன் எடுத்து, படியில் மூத்திரம் பெய்கிற நாய் யாருடையது என்று கேட்டார். நாயில்லை, எங்கள் அம்மாவின் வேலை என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

திங்கள், புதன், வெள்ளி காலையில் அம்மாவே இப்போது அந்தப் பனிக்கட்டியின் மேல் பூனை மணலைத் தூவுகிறார். அது எல்லோருடைய சப்பாத்திலும் ஒட்டிக்கொண்டு விறாந்தை, குசினி, சாமி அறை வாசல் வரைக்கும் வருகிறது. நடக்கும்போது காலுக்குக் கீழே நறநறக்கிறது. ஒருவர் வெளிக்கிட்டுப் போன கையோடு வீடு கூட்டக்கூடாது, போனவருக்கு ஆகாது என்று அம்மாவுக்கு ஒரு கணக்கு. முன்பு அந்தக் கணக்கு கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். இப்போது பகல் முழுக்க அந்த ஊத்தைக்கு நடுவே விளக்குமாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதிரையில் இருக்கிறார். நான் வேண்டுமென்றே அவருக்கு முன்னால் நறநறவென்று நடந்து பார்க்கிறேன். விளக்குமாற்றில் கை போகாது.

கீழே யோசெப்பினின் ஹோர்ன் கேட்கும். படியில் அப்பாவின் செருமல் கேட்கும். அதன் பிறகுதான் எழும்பி விளக்குமாற்றைக் கையில் எடுப்பார்.