முபாறக் நானா சொன்ன "வேணாம்"

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோதுதான் கைத்தொலைபேசியில் அந்தச் செய்தி வந்தது. மேலே "ஜனாஸா அறிவித்தல்" என்றிருந்தது. கீழே, "சாய்ந்தமருதைச் சேர்ந்த பிரபல மென்பொருள் பொறியியலாளர் முபாறக் அவர்கள் இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார்கள்." அடியில் எங்கள் நிறுவனத்தின் இலச்சினை பளபளத்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்த மனிதரை வெளியே அனுப்பியவர்கள், அவர் கண் மூடிய அன்றே, அவர் வேண்டாம் என்று சொன்ன "பொறியியலாளர்" என்ற பெயரைத் தூக்கி அவர் தலையில் வைத்திருக்கிறார்கள். "அம்மா, மற்றப் பக்கம் பின்னல்லையா?" என்று மகள் கேட்டாள். சீப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அவரோடு வேலை செய்தவர்களும், பழுதான கணினியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனவர்களும், அவர் வாயில் ஏச்சு வாங்கியவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அவர் நல்லவர், வல்லவர் என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். அவர் எதற்காகக் கோபப்பட்டார் என்று எழுத ஒருவரும் இல்லை.

கல்முனை பிரதான வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. வைத்திய நிலையங்களுக்கும் மருந்துக்கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் மென்பொருள் செய்து விற்கிறோம். முபாறக் நானா எழுதுவார். அவர் எழுதியதில் பிழை தேடுவது என் வேலை. நாள்தோறும் வந்து பிழை சொல்லும் ஆளை எந்த அலுவலகத்திலும் யாருக்கும் பிடிக்காது. இவர் மட்டும் பின்னேரமானால் பிளேன்டீயோடு என் மேசையடிக்கு வந்து, "தங்கச்சி, இண்டைக்கு என்னத்தக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்பார். ஒன்றுமில்லை என்றால் முகம் கறுத்துவிடும். "வடிவாப் பாருங்க. இல்லாம இரிக்காது" என்பார். தன்னில் பிழை இருக்கும் என்று இவ்வளவு நம்பிக்கையோடு இருந்த ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒருநாள் எங்கள் பணிப்பாளர் எல்லோருடைய மேசைக்கும் பித்தளை நிறத்தில் பெயர்ப்பலகை செய்து கொண்டுவந்தார். நேற்றுவரை கணினிக்கு எழுதுகிறவர்களாக இருந்தவர்கள் இன்று மென்பொருள் பொறியியலாளர்கள். முபாறக் நானா சிரேஷ்ட பொறியியலாளர். அதை உடனே படம் பிடித்துப் போட்டவர்களும் இருந்தார்கள். இவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆடிக்கொண்டிருந்த தன் மேசைக் காலின் கீழே செருகினார். "நல்ல பலகை. மேசை இப்ப ஆடல்ல" என்றார். பணிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு அப்போது அது வீம்பாகத்தான் பட்டது. கேட்டேவிட்டேன். கட்டடம் கட்டுகிறவர்கள் மட்டும்தான் பொறியியலாளர்களா, படித்துப் பட்டம் வாங்கித்தானே நீங்களும் வந்தீர்கள் என்று. அன்றைக்கு அவர் சிரித்துவிட்டுப் போனார். சில நாள் கழித்து என்னை ஜன்னலடிக்குக் கூப்பிட்டார். எங்களுக்கு அடுத்த காணியில் ஒரு கடைத்தொகுதி எழும்பிக்கொண்டிருந்தது. மேல்தளத்துக்குக் கொங்கிரீட் போடும் நாள் அது. கலவை லொறி பாதி வீதியை அடைத்துக்கொண்டு சுற்றியபடி நின்றது. வேலையாட்களுக்குச் சோற்றுப் பார்சல்கூட வந்துவிட்டது. மஞ்சள் தொப்பி போட்ட ஓர் இளம் பெண் மேலே ஏறிக் கம்பிகளைக் குனிந்து குனிந்து பார்த்தாள். பிறகு இறங்கி வந்து, "இண்டைக்குப் போட ஏலா" என்றாள். கடைக்காரர் கத்தினார். கொந்தராத்துக்காரர் கெஞ்சினார். யாரோ ஒரு பெரிய மனிதருக்குத் தொலைபேசி எடுத்து அவள் காதில் வைக்கப் பார்த்தார்கள். அவள் மறுத்துத் தலையாட்டிவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். லொறியும் கலவையோடு திரும்பிப் போனது.

"பாத்தீங்களா?" என்றார் முபாறக் நானா. "அவ வேணாமெண்டா, வேலை நிக்கிது. அவதான் எஞ்சினியர். நான் வேணாமெண்டு சொன்னா இஞ்ச ஆரு கேக்கிற?"

பட்டம் வாங்கியவரெல்லாம் பொறியியலாளர்தானே என்று நான் தொடங்கிய வாதத்தை அவர் அந்த ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். பெயரைத் தர எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். அந்தப் பெயருக்குள்ளே இருக்க வேண்டிய அதிகாரத்தைத் தர மட்டும் ஒருவருக்கும் மனமில்லை.

அவருடைய கலியாணக் கதையை அவர் மனைவி சாஜிதா ராத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக்கொடுத்துத்தான் கலியாணம் என்பது உங்களுக்குத் தெரியும். தரகர் போய், மாப்பிள்ளை எஞ்சினியர் என்று சொல்லியிருக்கிறார். பேச்சுக்குப் போன அன்று, மாமனார் தேத்தண்ணீரைக்கூட முழுதாகக் குடிக்க விடாமல் இவரைக் கையைப் பிடித்து அரைகுறையாக நின்ற வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். கூரையைத் தாங்கும் ஒரு கொங்கிரீட் வளையில் வெடிப்பு விழுந்திருந்தது. "நீங்க எஞ்சினியர்தானே மகன். மேசன் பரவாயில்ல எண்டுறான். பாத்துச் சொல்லுங்க" என்றார். கூடப் போனவர்கள், சும்மா தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லும்படி கண்ணைக் காட்டினார்கள். இவர், "மாமா, எனக்கு இது தெரியாது. நான் கம்பியூட்டருக்கு எழுதுறவன். தெரியாதவன் பரவாயில்ல எண்டு சொன்னா, அது ஒங்கட மகள்ட தலைலதான் விழும்" என்றாராம். தரகர் வாசலில் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார். மாமனார் மட்டும் உள்ளே போய், "இந்தப் பொடியனத்தான் எடுக்கிற" என்றாராம்.

இனி, அவரை வெளியே அனுப்பக் காரணமான சம்பவத்துக்கு வருகிறேன்.

ஒரு தனியார் வைத்திய நிலையத்துக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். நோயாளியைப் பதிகிற வேலை சுருக்கமாக இருக்க வேண்டும், பெயரும் தொலைபேசி இலக்கமும் போதும் என்று பணிப்பாளர் முடிவெடுத்தார். முபாறக் நானா அவருடைய அறைக்குள் போய்ச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். "சேர், எங்கட ஊர்ல வீட்டுக்கு ஒரு போன் நம்பரத்தான் எல்லாருக்கும் குடுக்கிற. மூத்தம்மாட பேரத்தான் புள்ளைகளுக்கு வைக்கிற. ஒரே பேரு, ஒரே நம்பர் எண்டா, இது ரெண்டு பேர ஒராளாக்கிப் போடும். வேணாம்." நான் சோதித்துப் பார்த்தபோதும் அப்படித்தான் ஆனது. அதையும் சொன்னேன். பணிப்பாளர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, பிரதம அதிதிக்கும் சொல்லியாயிற்று, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார். எங்களுடைய "வேணாம்" அந்த மேசையிலேயே கிடந்தது. நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், புரியாணி சாப்பிட்டார்கள்.

மருதமுனையில் ஒரு வீடு. அந்த வீட்டு மகளுக்கும் அவளுடைய சாச்சிக்கும், அதாவது சின்னம்மாவுக்கும், ஒரே பெயர்: "சித்தி நபீஸா". சாச்சிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மகள் பால் கொடுக்கிற தாய். மகள் காய்ச்சலுக்கு அந்த வைத்திய நிலையத்துக்கு மருந்தெடுக்கப் போனாள். கணினி இரண்டு பேரையும் ஒருவராக்கிச் சாச்சியின் சீனி வருத்தக் குளிசைகளையும் சேர்த்து அச்சடித்துக் கொடுத்தது. உறையில் தன் பெயர்தானே இருக்கிறது என்று அவள் விழுங்கினாள். உடம்பில் சீனி இறங்கி அடுப்படியில் விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நினைவு திரும்பும்வரை அவளுடைய குழந்தை சாச்சியின் மடியில் பாலுக்குக் கத்திக்கொண்டே கிடந்தது. அவள் பிழைத்தாள். அதற்கு நாங்கள் யாரும் காரணமில்லை.

வைத்திய நிலையத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அவளுடைய வாப்பா வந்தார், சாச்சி வந்தார். எங்கள் பணிப்பாளர் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? "இவங்க கம்பியூட்டர்ல டைப் பண்ற பொடியன்மார். மருந்தக் குடுக்கிறவங்கதான் பாத்துக் குடுக்கணும்." பித்தளைப் பலகை அடித்துக் கொடுத்த அதே வாய். விற்கும்போது பொறியியலாளர், விழும்போது டைப் பண்ணும் பொடியன்.

முபாறக் நானா எழுந்து அந்த வாப்பாவின் பக்கம் திரும்பினார். "காக்கா, இவரு எங்கள எஞ்சினியர் எண்டு சொல்லித்தான் இதை வித்தவரு. எழுதினது நான். வேணாமெண்டு சொன்னதும் நான்தான். ஆனா எழுதிக் குடுத்திட்டன். என்னப் பிடிங்க" என்றார்.

சாச்சிதான் கேட்டார். குரலை உயர்த்தக்கூட இல்லை. "நீங்க வேணாமெண்டு சொன்னீங்கதானே மகன். மறுகா ஏன் அது நிக்கல்ல?"

படியிறங்கும்போது முபாறக் நானா கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, "அவட கேள்விக்கு மறுமொழி சொல்ல ஏலாத எவனும் அந்தப் பேர வைக்கக்குடா தங்கச்சி. நானும்தான்" என்றார்.

அதன் பிறகு அவர் இரண்டு வேலைகள் செய்தார். நோயாளியின் அடையாள அட்டை இலக்கமும் வாப்பாவின் பெயரும் இல்லாமல் பதிவு நகராதபடி திருத்தினார். அடுத்தது, எங்கள் அலுவலகக் கணினிகளுக்குள்ளேயே ஒரு பூட்டு. எந்த மென்பொருளும், பிழை பார்க்கிற ஆள் சம்மதம் கொடுக்காமல் வெளியே போகாது. வைத்திய நிலையக்காரர்கள் அடம்பிடித்ததால் பணிப்பாளரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். பூட்டு உங்கள் கையிலேயே இருக்கட்டுமே என்றேன். "எழுதினவனுக்குத் தன்ட பிழை தெரியாது. ஒங்கட கையில இரிக்கட்டும்" என்றார்.

பிறகு அவருக்கு வேலை கொடுக்காமல் உட்கார வைத்தார்கள். மேசையை மாற்றினார்கள். கடைசியில் இனி வரத் தேவையில்லை என்றார்கள். நானும் வெளியேறுகிறேன் என்றபோது என்னை ஏசினார். "நீங்களும் போனா வேணாமெண்டு சொல்ல உள்ளுக்கு ஆரு? இருங்க!" வீட்டு முன்னறையில் ஊராருக்குக் கணினி திருத்திக்கொண்டு அவர் இருந்தார். நான் இங்கே இருந்தேன்.

ஜனாஸா அடக்கம் முடிந்த மறுநாள் சாஜிதா ராத்தாவைப் பார்க்கப் போனேன். கணவனை இழந்தவர் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில், உள்ளறையில் இருந்தார். சந்தியில் நிறுவனம் பெரிய பதாகை கட்டியிருக்கிறதாம், பிள்ளைகள் சொன்னார்களாம். "அந்த எஞ்சினியர் எண்ட பேரக் கழட்டச் சொல்லுங்க தங்கச்சி. அவருக்கு அது பிடிக்காது" என்றார். நான் நேரே அலுவலகம் போனேன்.

பணிப்பாளர் வெள்ளைத் தொப்பியோடு இருந்தார். பதாகையிலிருந்து அந்தப் பெயரை எடுக்கச் சொன்னேன். "மௌத்தானவருக்கு ஒரு மரியாதைதானே" என்றார். அதே மூச்சில், "அந்தப் புள்ளைகள்ட மருந்து அளவு பாக்கிற மென்பொருள் இந்த வெள்ளிக்கிழமை போகணும். நீங்க சம்மதம் போட்டா முடிஞ்சு" என்றார். கைக்குழந்தைகளின் எடைக்கு அது கூடுதலான அளவு காட்டுகிறது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். நானாவின் கப்ரில் மண்கூட இன்னும் காயவில்லை.

"வேணாம் சேர்" என்றேன்.

"நீங்களும் ஒரு எஞ்சினியர். பொறுப்பா நடங்க" என்றார்.

"ஓம் சேர். அதாலதான் வேணாம்."

அவர் வெளியே போய், அந்தப் பூட்டைக் கழற்றச் சொல்லிப் பொடியன்மாரிடம் கத்தினார். முபாறக் நானாவிடம் வேலை பழகாதவர்கள்கூட அங்கே இருந்தார்கள். ஒருவரும் கதிரையை விட்டு எழும்பவில்லை. "ஏலா சேர்" என்று யாரோ ஒருவன் மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. மென்பொருள் போகவில்லை. குழந்தைகளுக்கான அளவைத் திருத்த ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பணிப்பாளர் என்னோடு கதைப்பதில்லை. என்னையும் ஒருநாள் வர வேண்டாம் என்று சொல்லலாம். சொல்லட்டும், அப்போது என் கதிரையில் இருக்கப் போகிறவரிடம் பூட்டை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். முபாறக் நானாவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான்.

மீண்டும் சாஜிதா ராத்தாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முபாறக் நானா சொல்லிவைத்த வேணாமுக்கு இந்த முறை வேலை நின்றுவிட்டது என்றேன். ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அப்ப அந்தப் பேரு இரிக்கட்டும் தங்கச்சி. கழட்ட வேணாம்."